முதுகு கேட்ட பாட்டு

"அவ அந்த நாற்காலியில ஈந்தா நான் நிப்பேன்," என்றாள் ஜொஹாரா.

"வேற நாற்காலியும் இருக்குது, அன்ரி," என்றாள் ஆரணி.

"நாற்காலி ஈக்கும் மகள். ஜன்னல் ஒன்டுதானே ஈக்கி."

ஜன்னல் ஒன்றுதான். ஆய்வுகூடத்தின் மூன்றாம் மாடி அறை அது. கீழே கொழும்பின் பேரா வாவி. ஜன்னலோரமாக இருந்த நாற்காலியில் மைமூனா முன்னமே வந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு பொதி. தன்னைப் பற்றித்தான் பேச்சு என்பது காதில் விழாதவள் போல வாவியில் மிதந்த கூழைக்கடாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ராத்தா இங்க வந்து இரிக்கட்டும்," என்றாள் திரும்பாமலே. ராத்தா என்றால் அக்கா. "எனக்கு வெயில் ஒத்துக்கொள்றல்ல."

"யாருக்கு யார் ராத்தா?"

"வயசுக்குச் சென்னேன்."

ஜொஹாராவுக்கு எழுபது. எட்டு வருடத்துக்கு முன் தொண்டையில் கட்டியொன்றை எடுத்தார்கள். அதோடு குரலும் போய்விட்டது. பேசினால் காற்றாகத்தான் வரும். மைமூனாவுக்கு அறுபத்து நான்கு. இரண்டு பேரையும் ஒரே அறைக்குள் கொண்டுவரக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். துவான் ரிஃபாய், துறைமுக அலுவலகத்தில் எழுதுவினைஞர். அவர் மௌத்தாகி, மண்ணுக்குள் போய் நான்கு வருடம். ஜொஹாரா அவருடைய முதல் மனைவி, மூன்று வருடம். விவாகரத்துக்குப் பிறகு அம்பாந்தோட்டையிலிருந்து வந்த மைமூனா, நாற்பத்தொரு வருடம்.

அவர் இல்லாத இடத்தில் இப்போது அவர்களைக் கூட்டிவந்திருந்தது ஒரு புத்தகம்.

இரண்டரை நூற்றாண்டுக்கு முன் ஒல்லாந்தர் ஜாவாவின் அரண்மனை ஒன்றிலிருந்து ஓர் இளவரசரைக் கொழும்புக்கு நாடுகடத்தினார்கள். அவரோடு வந்தவர்கள் எழுதிய அரண்மனை வரலாறு அது. யாருக்குப் பிறகு யார் முடி சூடினார், எந்த ராணி எந்த ராணியின் பிள்ளைக்கு நஞ்சு வைத்தாள், எல்லாம் செய்யுளில். ஜாவாக்காரர் இதைப் பாபாத் என்பார்கள். அதைக் கண்ணால் வாசிப்பதில்லை, பாடுவார்கள். ஒவ்வொரு படலத்துக்கும் ஒரு மெட்டு. சண்டைக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று. காதல் படலத்தின் மெட்டுக்கு அஸ்மரதானா என்று பெயர். கொம்பனித்தெருவில் அவர்கள் வழிவந்த ரிஃபாயின் குடும்பம் மொழியை மறந்த பிறகும் மெட்டுகளை மறக்கவில்லை.

ரிஃபாய் சாவதற்கு முன் புத்தகத்தின் தையல் நூலை வெட்டி, முன்பாதியை ஜொஹாராவுக்கும் பின்பாதியை மைமூனாவுக்கும் எழுதிவைத்தார்.

"நியாயமா நடந்தாராம்," என்றாள் ஜொஹாரா, தன் பாதியைப் பையிலிருந்து எடுத்தபடி. "சாகும்போதாவது."

"நான் சென்னதாலதான் ஒங்களுக்கு அதுவும் கெடச்சிச்சி."

"சரி, சரி," என்றாள் ஆரணி. வயது முப்பத்து நான்கு, ஊர் சாவகச்சேரி. அறையின் நடுவே குளிர்பதனப் பெட்டியின் அளவில் நின்ற இயந்திரம் அவள் செய்தது. "ரெண்டு பாதியும் சேர்ந்தால்தான் ஜாவாவில சுரக்கார்த்தா நூலகம் எடுக்கும் எண்டு சொல்லிப்போட்டுது. பாட்டும் சேர்ந்தால் இன்னும் நல்லது எண்டு கேக்கினம். அதுக்குத்தான் இந்த மூச்சுமானி."

"அது பாடுமா?" என்று மைமூனா கேட்டாள்.

"பாடாது அன்ரி. ஆனா எழுதினவர் எங்க மூச்சு விட்டார் எண்டு சொல்லும். மூச்சு விட்டால் தோள் அசையும். தோள் அசைஞ்சால் பேனா அமரும், எழும்பும். கண்ணுக்குத் தெரியாத பள்ளம், தலைமயிரில ஆயிரத்தில ஒரு பங்கு. காகிதம் அதை மறக்காது."

"மனசுல நெனக்கிறதையும் செல்லுமா?"

"மூச்சை மட்டும்தான்."

"அதுவே கூடத்தான்," என்றாள் ஜொஹாரா.

ஆரணி இரண்டு பாதிகளையும் மேசையில் வைத்தாள். மரப்பட்டையை அடித்துச் செய்த காகிதம். பழுப்பாக, துணிபோலக் கிடந்தது. "ஒரு விசயம் எனக்கு விளங்கேல்லை. நீங்கள் முந்தி அனுப்பின ஒரு தாளை நான் பாத்தனான். அதில ரெண்டு மூச்சு இருக்குது. கை ஒண்டு, மூச்சு ரெண்டு. மெசினில பிழை எண்டு ரெண்டு மாதம் கழட்டிப் பூட்டினன்."

ஜொஹாரா சிரித்தாள். சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. "பிழை இல்ல மகள். எங்கட மாமி செல்லித்தந்த முறை அது. மெட்டை மருமகளுக்கு மட்டும்தான் செல்லிக்குடுப்பாங்க. எழுத்தை மகனுக்கு மட்டும். ரெண்டையும் ஒரே ஆள் படிக்கப்படா."

"ஏன்?"

"ரெண்டும் தெரிஞ்ச ஆள் கதைய மாத்திருவார்தானே. தன்ட பாட்டனை ராசாவாக்கிருவார். அதால, பிரதி எடுக்கக்குள்ள மருமகள் பாடணும், மகன் எழுதணும். பாடுறவ எழுதுறவர்ட கையைப் பாக்கவும் படா. முதுகோட முதுகு வச்சித்தான் இருப்போம்."

ஆரணி கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். "முதுகு முட்டுமோ?"

"முட்டாம? சாஞ்சுதான் இருப்போம். அசர் தொழுகைலருந்து பொழுதுபட்டு மஃரிப் மட்டும், ரெண்டரை மணித்தியாலம் வேற எதுல சாயிற?"

"அப்ப பாடுறவவின்ர மூச்சு எழுதுறவரின்ர முதுகுக்குள்ளால போய்..." ஆரணி இயந்திரத்தைப் பார்த்தாள், மன்னிப்புக் கேட்பவள் போல. "கைக்கு இறங்கியிருக்குது."

அன்று பிற்பகல் முழுவதும் மூச்சுமானி பட்டைக் காகிதத்தைத் தடவிக்கொண்டிருந்தது. நாலு மணியளவில் ஒலிபெருக்கியில் ஒரு பெண் மூச்சு விட்டாள். இழுத்தாள், நிறுத்தினாள், நீளமாக விட்டாள். பாட்டில்லை, சொல்லில்லை, மூச்சு மட்டும். செத்து இருநூறு வருடத்துக்கு மேலான ஒரு மருமகள் அறைக்குள் வந்து யாருக்கோ முதுகைக் கொடுத்து உட்கார்ந்தது போல இருந்தது. மைமூனா எழுந்து முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டாள்.

"மெட்டு எங்க?" என்று ஜொஹாரா கேட்டாள்.

"வராது அன்ரி. பாடேக்குள்ள நெஞ்சு அதிரும். அந்த அதிர்வும் கைக்கு வந்திருக்கும். ஆனா இந்தக் காகிதம் நார். அவ்வளவு நுணுக்கமா வச்சிருக்காது. மழமழப்பான தாளில, பால்பொயின்ற் பேனையால எழுதியிருந்தால் குரலே வந்திருக்கும். நீங்கள் பாட உங்கட கணவர் எடுத்த பிரதி கிடைச்சால்..."

"கரையான் தின்டிச்சி," என்றாள் ஜொஹாரா.

"தின்டிச்சாம்," என்றாள் மைமூனா.

"அவர்தான் சென்னார். ரெண்டு வருசம் ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் பாடினேன். வெள்ளிக்கு வெள்ளி எழுதின தாளை அவர் அலுமாரியில வச்சிப் பூட்டுவார். ஒரு நாள் தொறந்து பாத்தா மண்ணுதான் ஈக்கி என்டார்."

"நான் அந்த வீட்டுல நாப்பத்தொரு வருசம் ஈந்தேன். ஒரு கரையானைக் கண்டதில்ல."

அங்கேதான் விசயம் இருந்தது. மைமூனா தன் பாதியின் கடைசித் தாளை விரலால் மெல்லத் தள்ளிக் காட்டினாள். அதில் ஏழு பெயர்கள், ஒன்றன் கீழ் ஒன்றாக. பிரதி எடுத்து முடிந்ததும், பாடிய மருமகளின் பெயரை அதேபோல முதுகோடு முதுகு சாய்ந்தபடி மூலத்தின் கடைசித் தாளில் எழுதுவது வழக்கம். ஒரு தலைமுறைக்கு ஒரு பெயர். ஏழாவது, ரிஃபாயின் தாயுடையது. அதன் கீழே இன்னும் ஒரு பெயருக்கு இடம் இருந்தது.

"சுரக்கார்த்தாக்குப் போறதுக்கு முந்தி இது நெறையணும்," என்றாள் மைமூனா. "பிரதி முடிஞ்சாத்தான் பேரு. பிரதி எங்க? சாட்சி எங்க? மாமி இல்ல, குரலும் இல்ல. வாயால நானும் செல்லலாம் பாடினேன் என்டு."

"ஒனக்கு ஒரு மெட்டுத் தெரியுமா?"

"யார் செல்லித்தந்தீங்க? மாமி மௌத்தாகின மறுகாதான் நான் வந்தேன். ஒங்கட கதவைத் தட்டினேன், ராத்தா, படிச்சித்தாங்க என்டு. கதவைத் தொறந்தீங்களா?"

"புருசனையும் குடுத்துப் பாட்டையும் குடுக்கச் செல்றியா?"

"அதால செல்றேன். நீங்க பாடினதுக்கு அத்தாட்சி இல்ல. நான் வாழ்ந்ததுக்கு ஈக்கி. என் பேரை எழுதுங்க."

ஆரணிக்கு இரண்டு பேரையும் விட இயந்திரத்தோடு பேசுவது எளிதாக இருந்தது. "அதைப் பேந்து பாப்பம். எனக்கு வேற ஒரு காகிதம் வேணும். இந்த வீட்டில எழுத்தைத் தகப்பன் மகனுக்குக் கைபிடிச்சுச் சொல்லிக் குடுத்திருக்கினம். பேனை பிடிக்கிற விதம் அப்பிடியே இறங்கி வந்திருக்கும். இந்த வீட்டு ஆம்பிளை ஒருவர் தனிய இருந்து, முதுகில ஆரும் சாயாமல் எழுதினது ஏதும் இருந்தால், கையை ஒரு பக்கமும் பாட்டுக்காரியை ஒரு பக்கமும் பிரிச்சிடுவன். அப்ப அந்த மூச்சு இன்னும் தெளிவா வரும்."

மைமூனாவின் முகம் மலர்ந்தது. அவள் ஆரணியைப் பார்த்துத்தான் சொன்னாள்; ஆனால் சொன்னது ஜன்னல் பக்கம் நின்ற ஜொஹாராவுக்கு.

"என்கிட்ட ஈக்கி மகள். பதினாலு கடிதம். கலியாணத்துக்கு முந்தி அம்பாந்தோட்டைக்கு எழுதினது. தனிய இருந்துதான் எழுதினார். என்னைத் தவிர வேற நெனப்பே இல்லாம."

ஜொஹாரா தன் பையின் வாயைப் பூட்டி, பூட்டிவிட்டதா என்று இரண்டு தரம் பார்த்தாள்.

மறுநாள் மைமூனா கடிதங்களை ஒரு பிஸ்கட் டின்னில் கொண்டுவந்தாள். மழமழப்பான நீல நிறத் தாள்கள், பால்பொயின்ற் எழுத்து, மடிப்புகள் கிழியும் நிலையில். கடிதங்களுக்கு நடுவே உலர்ந்த மல்லிகைகூட இருந்தது. அவள் அதை எடுத்து மறைக்கவில்லை.

"ராத்தா வாசிக்க வேணாம்," என்றாள்.

"கண்ணாடி கொண்டு வரல்ல," என்றாள் ஜொஹாரா. கண்ணாடி அவள் நெற்றியில் இருந்தது.

ஆரணி பதினான்கையும் தட்டில் அடுக்கி இயந்திரத்துக்குள் தள்ளினாள். தாள்கள் ஒவ்வொன்றாகப் போய்வந்தன. ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அவள் திரையைப் பார்த்துப் புருவத்தை நெரித்தாள்.

"இது தனிய எழுதினதெண்டுதானே சொன்னனீங்கள்?"

"அல்லாட காவல். அலுவலகத்துல இருந்து, எல்லாரும் போன மறுகா எழுதுறேன் என்டு கடிதத்துலயே ஈக்கி."

"இதிலயும் ரெண்டு மூச்சு இருக்குது."

"மெசின் பிழையா ஈக்கும்."

"நானும் அப்பிடித்தான் நினைக்கிறன்," என்று சொல்லியபடியே ஆரணி ஒலிபெருக்கியைத் திறந்தாள். அவள் நாற்பது வருடம் யோசித்திருந்தாலும் அதைவிடப் பெரிய தவறைச் செய்திருக்க முடியாது.

பக்கத்து வீட்டுச் சுவருக்கு அப்பாலிருந்து வருவது போல ஒரு குரல் பாடியது. மெல்லிய, இளம் பெண் குரல். ஒரு வரியை மேலே கொண்டுபோய், அங்கேயே கொஞ்சம் நிறுத்தி, படியிறங்குவது போல இறக்கியது. சொற்கள் தெரியவில்லை. மெட்டு தெரிந்தது.

"யார் இது?" என்று ஜொஹாரா கேட்டாள். உண்மையாகவே கேட்டாள். எட்டு வருடமாகக் கேட்காத குரல். அதிலும் நாற்பத்தைந்து வருடம் இளைய குரல்.

"நிப்பாட்டுங்க," என்றாள் மைமூனா.

"யார்டி இது?"

"நிப்பாட்டுங்க மகள். இது இவ."

"ஒனக்கு எப்படித் தெரியும் என் குரல்?"

"கோல்ஃபேஸ் பக்கத்து ஹோட்டல்ல நீங்கதானே டெலிபோன் எடுக்கிற. கலியாணம் முடிச்ச புதுசுல, பக்கத்து வீட்டுப் போன்லருந்து எடுத்து எடுத்துக் கேப்பேன். குட் ஆஃப்டர்நூன் என்டு செல்லுவீங்க. அப்படி என்ன குரல் என்டு கேக்கணும் என்டு ஈந்திச்சி. கேட்டுட்டு வச்சிருவேன்."

"நீயா அது? பேசாம வைக்கிற டெலிபோன் கோல்? எனக்கு ரெண்டு தரம் மெனேஜர் ஏசினார்."

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆரணி நிறுத்த மறந்திருந்தாள். ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்கு முன்னால் மூச்சு வந்தது. அந்த மூச்சுக்கு ஜொஹாராவின் தோள் தன்பாட்டில் உயர்ந்தது. அப்போதுதான் அவளுக்கும் விளங்கியது.

"அஸ்மரதானா," என்றாள். "வெள்ளிக்கெழமை."

ஆரணி ஒலிபெருக்கியை அணைத்தாள். ஜொஹாரா நிறுத்தவில்லை.

"இன்னொருக்கா பாடு என்டு கேப்பார். காதல் படலத்தையே. ஒரு வரி விட்டுட்டேன் ஜொஹாரா, இன்னொருக்கா. நானும் பாடுவேன். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா மகள்? என் பாட்டுல மனுசன் மயங்கிட்டார் என்டு மாமிட்ட செல்லிச் சிரிப்பேன்." அவள் நீலத் தாள்களைப் பார்த்தாள். "கரையான் இல்ல. காதல் படலத்துக்கு வந்த மறுகா பிரதியே இல்ல. அவர் கடிதம் எழுதியிருக்கார்."

மைமூனா தட்டிலிருந்து தாள்களை வாரினாள். ஒன்று கிழிந்தது. மல்லிகை தரையில் உதிர்ந்தது. பிஸ்கட் டின்னின் மூடி பொருந்தவில்லை. அவள் அதை அப்படியே நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள்.

"நாப்பத்தஞ்சி வருசம்," என்றாள். "நான் படுக்கக்குள்ள வாசிக்கிற கடிதம் இது. அதுக்குள்ளயும் நீயா?"

அதற்குப் பிறகு அன்று ராத்தா என்று சொல்லவில்லை. தன் பாதிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று நாள் கழித்து ஜொஹாரா மட்டும் வந்தாள். ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்காராமல் நின்றாள்.

"அந்தப் பாட்டு மெசினுக்குள்ள ஈக்கா?"

"இருக்குது. ஆனா கடிதம் அவவுடையது அன்ரி. அவ ஓம் எண்டு சொல்லாமல் நான் பாவிக்க ஏலாது. உங்களுக்குப் போட்டுக் காட்டவும் ஏலாது."

"பாட்டைக் கேக்க வரல்ல. அழிச்சிருவாவோ என்டு கேக்க வந்தேன்."

"அழிக்கச் சொன்னால் அழிக்கத்தான் வேணும்."

"அப்ப நான் பாடினதுக்கு இருந்த ஒரே சாட்சியும் அவட டின்னுக்குள்ள."

"ஓம்."

ஜொஹாரா வாவியைப் பார்த்தாள். "பாத்தியா மகள். மனுசனையும் கொண்டுபோனா, குரலையும் கொண்டுபோய் மல்லிகப்பூவோட வச்சிக்கொண்டு ஈந்திக்கா."

கதவு தட்டப்பட்டது. மைமூனா. கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. பொதியும் இருந்தது, டின்னும் இருந்தது. ஜொஹாராவைக் கண்டதும் திரும்பிப் போகப் பார்த்தாள். பிறகு நேரே வந்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒன்டு கேக்க வந்தேன் மகள். பதினாலுலயும் அவதானா?"

"பதினாலிலயும்."

"ஒன்டாவது தனிய இருந்து எழுதினது இல்லியா? சின்னக் கடிதம் ஒன்டு ஈக்கி. பதினோராவது."

"அதிலயும் பாட்டு இருக்குது அன்ரி. மன்னிக்க வேணும்."

மைமூனா தலையாட்டினாள். அவளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் ஒரு தரம் கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஆரணி தயங்கினாள். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் மூன்று நாளாக அதை வைத்துக்கொண்டு அவளும் சரியாகச் சாப்பிடவில்லை. "இன்னொண்டும் இருக்குது. உங்கட கடிதம் எண்டதால உங்களுக்குச் சொல்லவேணும். முதல் ஆறு கடிதத்திலயும் பாட்டு தன்பாட்டில போகுது. கைதான் அதுக்குப் பின்னால ஓடுது. ஏழாவதில இருந்து மாறுது. பாட்டு மெதுவாகுது. கை ஒரு சொல்லில நிண்டால் பாட்டும் நிக்குது. கை திரும்ப ஓடினால்தான் அடுத்த வரி."

"அப்படியென்டா?"

"பாடுறவ எழுதுறவருக்காகக் காத்துக்கொண்டு நிண்டிருக்கிறா."

மைமூனா மெதுவாக ஜொஹாராவின் பக்கம் திரும்பினாள். ஜொஹாரா பையின் பூட்டைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஒனக்குத் தெரியும்," என்றாள் மைமூனா.

ஜொஹாரா பூட்டைத் திறந்து மறுபடி பூட்டினாள்.

"அன்டைக்கி இங்க நின்டு யார் இது, யார் இது என்டு கேட்டாய். ஒனக்கு அப்பவே தெரியும். திரும்பிப் பாத்தாய்."

"திரும்பல்ல," என்றாள் ஜொஹாரா. "படாது என்டு மாமி சென்னாங்க, நான் ஒரு நாளும் திரும்பல்ல. இன்டு வரைக்கும் அந்தத் தாளை நான் வாசிக்கல்ல."

"அப்ப எப்படி?"

"பிரதி எழுதுற மனுசன், நான் மூச்சு விட்ட மறுகாதான் மூச்சு விடுவார். வரியை நான்தானே குடுக்கிற. ஒரு வெள்ளிக்கெழமை அவர் எனக்கு முந்தி விட்டார். பெரிய மூச்சு." அவள் தன் முதுகின் பக்கமாகக் கையைக் கொண்டுபோய், எட்டாத ஓர் இடத்தைக் காட்டினாள். "இந்த எடத்துல. அரண்மனைக் கதை எழுதுற ஆள் அப்படி மூச்சு விடமாட்டார். யாருக்கென்டு தெரியாது. ஒரு பொம்புளைக்கென்டு தெரியும்."

"தெரிஞ்சும் பாடினாய்."

"பாடினேன்."

"எட்டு வெள்ளிக்கெழமை."

"எண்ணல்ல. நீதான் எண்ணி வச்சிக்கிறாய்."

"ஏன் நிப்பாட்டல்ல? எழும்பிப் பேனையைப் பறிச்சி எறிஞ்சிருந்தா..."

"எறிஞ்சிருந்தா எழும்பிப் போயிருப்பார். எழுதுறதுக்கு வேற எடமா இல்ல?" ஜொஹாராவின் காற்றுக் குரல் இன்னும் மெலிந்தது. ஆரணி முன்னால் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது. "பாடுற மட்டும் அவர் முதுகு என் முதுகுலதானே ஈந்திச்சி. மெதுவாப் பாடினா மெதுவா எழுதுவார். மெதுவா எழுதினா மஃரிப் மட்டும் இருப்பார். வேற நாள்ல அவர் என் பக்கத்துல இருக்கிறதே இல்ல."

மைமூனா டின்னைத் திறந்தாள். தாள்களைப் புரட்டி ஒன்றை வெளியே எடுத்தாள். விரிக்கவில்லை. மடிப்போடு கையில் வைத்திருந்தாள்.

"மொத ஆறும் சும்மா கடிதம்," என்றாள். "மழை பெஞ்சிச்சி, கப்பல் வந்திச்சி என்டு. நான் எங்கட ராத்தாமாருக்கு வாசிச்சிக் காட்டிச் சிரிச்சிருக்கேன். ஏழாவதுலருந்துதான் நிதானமா எழுதியிருந்தார். ஒவ்வொரு சொல்லா யோசிச்சி. இந்த ஏழாவது வந்த மறுகாதான், சரி, இந்த மனுசனுக்கு ஓம் செல்லலாம் என்டு நெனச்சேன்."

ஜொஹாரா பையைத் தரையில் வைத்தாள்.

"அப்ப நான்தான் கட்டி வச்சிக்கிறேன்," என்றாள் ஜொஹாரா.

"ஓ. எனக்குத் தரகர் நீதான்."

இருவரில் ஒருவர் சிரித்தார். யார் முதலில் என்று ஆரணிக்குத் தெரியவில்லை. ஒருத்தியின் சிரிப்புக்குச் சத்தம் இல்லை, மற்றவள் முகத்தைக் கையால் மூடியிருந்தாள். அது அதிக நேரம் இருக்கவுமில்லை.

மைமூனா டின்னை மேசை மேல் வைத்து ஆரணியின் பக்கம் தள்ளினாள். "பாட்டை எடுங்க. சொல்லை எடுக்க வேணாம். சொல் எனக்கு எழுதினது."

"ஓம் அன்ரி. பாட்டு மட்டும்."

"அந்தக் கடைசித் தாளையும் எழுதி முடிச்சிருவோம். வீட்டு ஆள்தான் எழுதணும். அவர் இல்ல, எனக்கு மகனும் இல்ல. வீட்டு ஆள் என்டா நான்தான்." அதைச் சொல்லும்போது அவளுடைய பழைய குரல் திரும்பியிருந்தது. "பேனை தாங்க. ராத்தா, வந்து இரிங்க."

"எங்க?"

"எங்கயென்டு ஒங்களுக்குத் தெரியாதா?"

ஓரத்தில் இருந்த நீள மர வாங்கில் அடுக்கியிருந்த கருவிப் பெட்டிகளை இறக்கி, இருவர் உட்காரக் காலி செய்தார்கள். மைமூனா ஒரு பக்கம் பார்த்து, மடியில் பலகையும் தாளுமாக உட்கார்ந்தாள். ஜொஹாரா மறுபக்கம் பார்த்து உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. அது அப்படியே கொஞ்ச நேரம் நின்றது.

"சாயணும்," என்றாள் ஜொஹாரா.

"தெரியும்."

சாய்ந்தார்கள்.

"அந்த மெசின் ஓடுதா மகள்?" என்று மைமூனா கேட்டாள்.

"இல்லை. நிப்பாட்டிப்போட்டன்."

"நல்லம். இந்த வரியை அதுக்குக் காட்ட வேணாம்."

ஜொஹாரா கண்ணை மூடிப் பாடத் தொடங்கினாள். அது பாட்டே அல்ல. குரல் இல்லை, இழுத்து விட்ட காற்று மட்டும். முதல் நாள் ஒலிபெருக்கியில் வந்த அந்தப் பழைய மருமகளின் மூச்சும் இதுவும் ஒன்றாகவே ஆரணிக்குக் கேட்டது. மைமூனா பேனாவைத் தாளுக்கு மேல் பிடித்திருந்தாள். ஜாவா எழுத்து அவளுக்குத் தெரியாது. தமிழில்தான் எழுத வேண்டும். ஒரு வரி போனது. இரண்டாவது வரியில் பேனா இறங்கியது.

"எனத்த இவ்வளவு நேரம்?" என்றாள் ஜொஹாரா, மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையில். "என் பேரு பெரிய பேரில்ல."

"கடிதம் ஏதும் எழுதுறேனோ என்டு பயமா?"

"எழுது, எழுது. பழகிப்போச்சி."

ஆரணி பக்கவாட்டில் நின்றாள். இரண்டு முகங்களும் அவளுக்குத் தெரிந்தன, தாளும் தெரிந்தது. ஜொஹாரா என்று எழுதி முடித்த பேனா தாளை விட்டு விலகவில்லை. கீழே விளிம்புக்கும் பெயருக்கும் நடுவில் விரல் அகலத்துக்கு இடம் மிச்சமிருந்தது. பேனா அதற்கு மேல் போய் நின்றது. மைமூனாவின் நெஞ்சு உயர்ந்து அப்படியே நின்றது. ஜொஹாராவின் பாட்டும், அடுத்த வரியைத் தொடாமல், காத்துக்கொண்டு நின்றது.

பிறகு மைமூனா மூச்சை விட்டாள். பேனாவை மூடினாள்.

"முடிஞ்சா?"

"முடிஞ்சி. ரெண்டு பேரையும் எழுதிட்டேன். ஒங்கட பேருக்குக் கீழ என்ட பேரு. இனி யார் அழிக்கிற?"

தாளில் ஒரு பெயர்தான் இருந்தது. மை இன்னும் காயவில்லை. ஆரணி வாயைத் திறக்கப் போனாள். மைமூனா கண்ணால் அடக்கினாள்.

ஜொஹாரா திரும்பவில்லை. "பொய்," என்றாள்.

"திரும்பிப் பாத்தீங்களா?"

"எனத்துக்குத் திரும்பணும்? எழுத வந்தாய். மூச்சைப் புடிச்சாய். மறுகா விட்டாய். அவ்வளவுதான் நடந்திச்சி."

வாவியில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலோர நாற்காலியில் யாரும் இல்லை.

"எழும்புங்க ராத்தா. முதுகு வேகுது."

"நீ மொதல்ல எழும்பு."

இருவரும் எழும்பவில்லை.